கிட்னி நீர்க்கட்டி நோய்: எலியில் ஜெயித்த மருந்து மனிதரில் ஏன் தோற்றது?

#1 நொய்யல்கரை

வணக்கம். எங்க வீட்டுல பாலிசிஸ்டிக் கிட்னி வழிவழியா வருது. அம்மாவுக்கு இருந்தது. அக்காவுக்கு இப்ப 41 வயசு, ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் கட்டி, கிரியேட்டினின் 1.3. எனக்கு எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

டாக்டர்கிட்ட போனா "பி.பி.யைக் கட்டுப்பாட்டுல வைங்க, தண்ணி நல்லா குடிங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிடறார். சரின்னு நானே படிக்க ஆரம்பிச்சேன். கட்டி வளர்றதுக்கு எம்டார்னு ஒரு சமிக்ஞைப் பாதை காரணமாம். அதை அடைக்கிற சிரோலிமஸ் கொடுத்ததும் எலிகளுக்குக் கட்டி சுருங்கினதுன்னு 2006-லயே ஆய்வு வந்திருக்கு. சிரோலிமஸ் ஒண்ணும் புதுசு இல்ல. கிட்னி மாத்தினவங்க சாப்பிடற மாத்திரை, இங்கயே ஜெனரிக்கா கிடைக்குது.

பாதையும் தெரியும், அடைக்கிற மருந்தும் கைவசம் இருக்கு. அப்புறம் ஏன் யாரும் எழுதிக் கொடுக்கறதில்ல? பழைய மருந்துல கம்பெனிக்கு லாபம் இல்லைங்கறதாலயா?

#2 இரவுப்பணி நெஃப்ரோ

லாபக் கணக்கு இல்லை. சோதித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

2010-ல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. சுவிட்சர்லாந்தில் 100 பேர், 18 மாதம், சிரோலிமஸ். கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் கிட்னி ஏறத்தாழ ஒரே அளவுதான் வீங்கியிருந்தது, 99 மி.லி., 97 மி.லி. மற்றொன்று எவரோலிமஸ், 433 பேர், இரண்டு வருடம். அதில் வீக்கம் குறைந்தது: 301-க்குப் பதில் 230 மி.லி. ஆனால் கிட்னியின் வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர். அளவு) மருந்து சாப்பிட்டவர்களுக்கு 8.9 புள்ளி இறங்கியது, சாப்பிடாதவர்களுக்கு 7.7. அதாவது மருந்து எடுத்தவர்களுக்கு லாபமே இல்லை. வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது எல்லாம் கூடுதல் செலவு.

உங்கள் அக்காவுக்கு அந்த மாத்திரையை மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். அது எதிர்ப்புச் சக்தியை இறக்கும் மருந்து.

#3 நொய்யல்கரை

வாங்கிக் கொடுக்க மாட்டேன் சார், புரியத்தான் கேட்கறேன். எலியில அவ்வளவு தெளிவா வேலை செஞ்சது மனுஷனுக்கு ஏன் செய்யல? அப்ப எம்டார் பாதைங்கறதே தப்பான ஆளா?

#4 பிப்பெட்

தப்பான ஆள் இல்லை. சந்தேகப்பட நல்ல காரணம் இருந்தது. இந்த நோயில் பெரும்பாலானோருக்குப் பழுதாவது 16-ஆம் குரோமோசோமில் உள்ள பி.கே.டி-1 மரபணு. அதற்கு ஒட்டினாற்போல அடுத்த இடத்தில் இருப்பது டி.எஸ்.சி-2. எம்டாரை அடக்கி வைப்பதே அதன் வேலை. இரண்டும் சேர்ந்து அறுந்துபோன குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கிட்னி முழுக்கக் கட்டிகள் வந்துவிடும். கட்டியின் சுவரில் எம்டார் முடுக்கிவிடப்பட்டிருப்பதையும் கண்ணால் பார்த்தாயிற்று. சிரோலிமஸ் சாப்பிட்ட மாற்றுச் சிறுநீரக நோயாளிகளுக்கு உள்ளேயே விட்டிருந்த பழைய கிட்னி கொஞ்சம் சுருங்கியது. இவ்வளவும் ஒரே பக்கம் கை காட்டினால் யார்தான் மருந்துச் சோதனை நடத்த மாட்டார்கள்?

சிக்கல் எம்டார் எங்கே இருக்கிறது என்பதில். உடம்பில் அது இல்லாத செல்லே கிடையாது. சாப்பாடு வந்ததா, வளரலாமா, புரதம் கட்டலாமா என்பதையெல்லாம் ஒவ்வொரு செல்லிலும் அதுதான் முடிவு செய்கிறது. எலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று தாராளமாகக் கொடுத்தார்கள். சுவிஸ் ஆய்வில் ஒரு முழு ஆளுக்கு நாளைக்கு 2 மி.கி. அதற்கு மேல் போனால் ஆள் தாங்க மாட்டார். ஒரு வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்பதற்காக ஊர் மேல்நிலைத் தொட்டியின் வால்வை மூடுகிற கதை. முழுக்க மூடினால் ஊர் திட்டும்; பாதி மூடினால் ஒழுகுவது நிற்காது.

இதைச் சரிக்கட்ட ஃபோலேட் என்ற வைட்டமினோடு சிரோலிமஸை ஒட்டிக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். கட்டிச் சுவரின் செல்களில் ஃபோலேட் ஏற்பி அதிகம், எனவே மருந்து அங்கே போய்ச் சேரும் என்ற கணக்கு. எலியில் நன்றாகவே வேலை செய்தது.

#5 கரிசல்காட்டான்

எல்லாம் எலியிலயே முடிஞ்சு போகுது. எங்க அப்பாவுக்கு சுகர் கிட்னி, டாபாகிளிஃப்ளோசின் குடுக்காங்க, நல்லாத்தான் இருக்கார். கிட்னிக்கே அதுதான் இப்ப பெரிய மருந்துன்னு சொல்லுதாங்களே. அதைக் கட்டிக்காரங்களுக்கும் குடுத்தா என்ன? 2020-க்கு அப்புறம் விலையும் சல்லிசா ஆயிட்டு.

#6 இரவுப்பணி நெஃப்ரோ

அப்பாவுக்கு அது சரியான மருந்து, நிறுத்த விடாதீர்கள். ஆனால் அந்த வகை மருந்துகளைப் பெரிதாக நிரூபித்த ஆய்வுகள், 2020-ல் வந்த டாபாகிளிஃப்ளோசின் ஆய்வும் (4,304 பேர்) 2023-ல் வந்த எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வும் (6,609 பேர்), பாலிசிஸ்டிக் நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. கூடவே ஒரு பயம்: இந்த மருந்து சர்க்கரையோடு தண்ணீரையும் வெளியேற்றும், அப்போது உடம்பு வாசோபிரசின் என்ற ஹார்மோனைக் கூட்டும். கட்டி நோயில் வாசோபிரசின் கூடுவது நல்லதல்ல. ஏன் என்று பிப்பெட் எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு வார்டில் அழைப்பு.

#7 பிப்பெட்

வேலையை என் தலையில் கட்டிவிட்டார். சரி.

கிட்னிக் குழாயின் ஒவ்வொரு செல்லிலும் உள்பக்கம் பார்த்து ஒற்றை ரோமம் போல சிலியம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பி.கே.டி-1, பி.கே.டி-2 மரபணுக்கள் தரும் பாலிசிஸ்டின் புரதங்கள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. அவை பழுதானால் செல்லுக்குள் கால்சியம் இறங்குகிறது. கால்சியம் இறங்கினால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற உள்சமிக்ஞை ஏறுகிறது, ஏனென்றால் அதைத் தயாரிக்கும் நொதியை அடக்குவதும் சிதைக்கும் நொதியை ஊக்குவதும் கால்சியம்தான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஆரோக்கியமான கிட்னிச் செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறினால் செல் பெருகுவது நிற்கும். கட்டிச் செல்லில் அதே சமிக்ஞை ஏறினால் செல் பெருகும். ஒரே ஆணை, இரண்டு வீட்டில் இரண்டு பலன். இடையில் இருக்கும் பி-ராஃப் என்ற புரதம் கால்சியம் இருக்கும்வரை பூட்டிக் கிடக்கிறது, கால்சியம் குறைந்ததும் திறந்துகொள்கிறது. சாதாரணச் செல்லை எடுத்துக் கால்சியம் உள்ளே போகாமல் தடுத்தால் அதுவும் கட்டிச் செல்லைப் போலவே நடந்துகொள்கிறது என்று 2004-ல் காட்டினார்கள். இது போதாதென்று சைக்ளிக் ஏ.எம்.பி. குளோரைடு வாய்க்காலையும் திறந்துவிடும். உப்பும் அதன் பின்னால் தண்ணீரும் கட்டிக்குள் இறங்கும். செல் பெருகுகிறது, நீரும் சேர்கிறது, கட்டி ஊதுகிறது.

அந்தச் செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றிவிடுவதில் முதல் ஆள் வாசோபிரசின். தாகம் எடுக்கும்போது மூளையிலிருந்து வந்து "தண்ணீரை விடாதே" என்று கிட்னிக்குச் சொல்லும் ஹார்மோன். அது வந்து உட்காரும் வி2 ஏற்பி பெரும்பாலும் கிட்னியின் சேகரிப்புக் குழாயில்தான் உண்டு. பெரும்பாலான கட்டிகள் கிளம்புவதும் அங்கிருந்துதான். எம்டாருக்கு இல்லாத வசதி இதுதான்: இந்த ஒன்றை அடைத்தால் மற்ற உறுப்புகளுக்கு அதிகம் தெரியாது.

2003-ல் எலியில் வி2 ஏற்பியை அடைத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். 2008-ல் அதைவிடக் கெட்டியான சாட்சி. பிறவியிலேயே வாசோபிரசின் சுரக்காத எலி இனத்தைக் கட்டி நோய் எலியோடு இனக்கலப்புச் செய்தார்கள். பிறந்த குட்டிகளுக்கு நோய் மரபணு இருந்தும் கட்டி ஏறக்குறைய இல்லை. வாசோபிரசின் போன்ற மருந்தை ஏற்றியதும் கட்டிகள் திரும்ப வந்தன. இப்படி எடுத்துப் பார்த்து, திருப்பி வைத்துப் பார்த்து நிரூபித்த பாதைகள் கிட்னி மருத்துவத்தில் அதிகம் கிடையாது.

மனிதருக்கு வந்த மருந்து டொல்வாப்டான். 2012-ல் 1,445 பேர், மூன்று வருடம்: கிட்னி வீக்கம் வருடத்துக்கு 5.5 சதவீதத்துக்குப் பதில் 2.8. வடிகட்டும் திறன் இறங்குவதும் மெதுவானது. எம்டார் மருந்தில் கிடைக்காதது இந்த இரண்டாவது விஷயம்தான்.

#8 பருத்தித்துறையான்

லண்டனில இருந்து எழுதுறன். இஞ்ச 2015-ல இந்தக் குளிசையை அரச மருத்துவத்தில ஏற்றுக்கொண்டவை, எல்லாருக்கும் இல்லை, கட்டி கெதியா வளருற ஆக்களுக்கு மட்டும். நான் போடுறனான். பிப்பெட் எழுதினதில ஒண்டு விடுபட்டுப் போச்சு: போடுற ஆளின்ட பாடு.

விடிய 45 மில்லிகிராம், எட்டு மணித்தியாலம் கழிச்சு 15. தாங்கினா 60-30, பிறகு 90-30. வாசோபிரசினை அடைச்சா கிட்னி தண்ணியைப் பிடிச்சு வைக்காது, அப்பிடியே விட்டுடும். நாளுக்கு அஞ்சு ஆறு லீற்றர் போகும். அவ்வளவும் திருப்பிக் குடிக்க வேணும். ராவில கட்டிலுக்குப் பக்கத்தில ரெண்டு போத்தில் தண்ணி. பஸ்ஸில ஏற முதல் எந்த ஸ்டேசனில கழிப்பறை இருக்கெண்டு பாத்துத்தான் ஏறுவன். கோயில் திருவிழாவுக்குப் போனா தேரைப் பாக்கிறதிலும் பாக்க கழிப்பறை வரிசையில நிண்டதுதான் கூட. வயித்தாலை போனாலோ சத்தி எடுத்தாலோ அண்டைக்குக் குளிசை போடக்கூடாது, உடம்பு காய்ஞ்சு போகும்.

முதல் 18 மாசம் மாசாமாசம் ரத்தம் குடுத்து ஈரல் பாக்க வேணும், பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. எனக்கு ஒண்டும் வரேல்லை. கிளினிக்கில எனக்குப் பக்கத்தில இருக்கிற அக்காவுக்கு ஈரல் நொதி ஏறி நிப்பாட்டிப் போட்டினம்.

#9 நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க அண்ணா, இதை யாரும் சொல்லல. அக்கா பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. மணிக்கு ஒருதரம் எழுந்து போக விடுவாங்களான்னு யோசிக்கணும்.

#10 அரைடம்ளர்

குறுக்கே ஒரு கேள்வி. எனக்கும் இதே நோய். காபியில இருக்கிற கஃபீன் சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏத்தும்னு படிச்சேன். அன்னிலேர்ந்து காலை டிகாக்‌ஷனைப் பார்த்தாலே குத்த உணர்ச்சியா இருக்கு. விடணுமா?

#11 பிப்பெட்

கஃபீன் சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் என்பது உண்மை. கட்டிச் செல்லைத் தட்டில் வளர்த்துக் கஃபீன் ஊற்றினால் ஏறவும் செய்கிறது. ஆனால் நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் காபி குடித்தவர்களுக்குக் கட்டி வேகமாக வளர்ந்ததாகத் தெரியவில்லை. அளவோடு குடியுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

#12 கரிசல்காட்டான்

எனக்கு வேற ஒண்ணு தோணுது. தண்ணி நிறைய குடிச்சாலே வாசோபிரசின் இறங்கிரும்லா? அப்ப எதுக்கு இம்புட்டு விலை மாத்திரையும் ஈரல் டெஸ்டும்? எங்க பக்கம் நெருஞ்சி முள் கஷாயம் குடிப்பாங்க, மூத்திரம் நல்லா போகும். அதுவும் இதே பாதைதானே?

#13 இரவுப்பணி நெஃப்ரோ

முதல் பாதி நல்ல கேள்வி. எலிக்குத் தண்ணீரைக் கூட்டியதில் கட்டி குறைந்தது. ஆஸ்திரேலியாவில் 184 பேரிடம் மூன்று வருடம் பார்த்தார்கள், 2022-ல் முடிவு வந்தது: கூடுதல் தண்ணீர் குடித்தவர்களுக்கும் வழக்கம்போல் குடித்தவர்களுக்கும் வீக்கத்தில் வித்தியாசம் இல்லை. குடிக்கச் சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் இலக்கை எட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று வருடம் விடாமல் குடிப்பது லேசான காரியமில்லை. நம் வெயிலில் தாகம் எடுக்க விடாமல் குடியுங்கள் என்பது இன்றும் என் ஆலோசனைதான். அதை மருந்துக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பாதி தலைகீழ். மூத்திரம் அதிகம் போவது பலன் இல்லை, பக்கவிளைவு. வி2 ஏற்பியை அடைக்காமல் வெறுமனே தண்ணீரை இறக்கினால் உடம்பு வாசோபிரசினை இன்னும் கூட்டும். ஏற்கெனவே பழுதான கிட்னிக்கு எந்தக் கஷாயமும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிப்பெட் வரைந்த படம் அழகு, ஆனால் நான் அவ்வளவு குஷியாக இல்லை. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டொல்வாப்டானைத் திருப்பி அனுப்பியது. 2017-ல் இரண்டாவது ஆய்வு வந்தது, 1,370 பேர், நோய் முற்றியவர்கள்: வடிகட்டும் திறன் வருடத்துக்கு 3.61 புள்ளி இறங்க வேண்டியது 2.34 ஆனது. அதன் பிறகுதான் 2018-ல் அனுமதி. ஜப்பான் 2014-லேயே கொடுத்துவிட்டது. அமெரிக்கர்கள் தயங்கியது சரி என்றுதான் நினைக்கிறேன். வீக்கம் குறைந்தது என்பதை மட்டும் நம்பி ஏமாந்த கதை எவரோலிமஸ். 2018-ல் இன்னொன்று, நெதர்லாந்தில் லான்ரியோடைடு ஊசி. அதுவும் சைக்ளிக் ஏ.எம்.பி.யைத்தான் இறக்கும், வீக்கம் வளர்வதும் குறைந்தது, வடிகட்டும் திறன் காப்பாற்றப்படவில்லை.

#14 பிப்பெட்

வித்தியாசம் 1.27 புள்ளி என்றால் சின்னதாகத் தெரியும். வடிகட்டும் திறன் 45-ல் இருக்கும் ஒருவர் 10-க்கு இறங்க, மருந்தில்லாமல் 10 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மருந்தோடு 15 வருடம். டயாலிசிஸ் இல்லாத ஐந்து வருடம் சின்ன விஷயமா?

ஈரல் விஷயத்திலும் பாதையைக் குறை சொல்ல முடியாது. ஈரலில் வி2 ஏற்பியே கிடையாது. அங்கே தொந்தரவு செய்வது டொல்வாப்டான் என்ற அந்த மூலக்கூறு. அதனால்தான் அதே ஏற்பிக்கு லிக்ஸிவாப்டான் என்ற வேறு மருந்தை முயன்றார்கள். 2022-ல் கம்பெனி கைவிட்டது என்பது வருத்தம்.

#15 இரவுப்பணி நெஃப்ரோ

ஒரு வருட ஆய்வின் சரிவைப் பதினைந்து வருடத்துக்கு நேர்கோடாக இழுப்பது உங்கள் கணக்கு. ஆறு லிட்டரை யார் பதினைந்து வருடம் தாங்குவார்கள்? முதல் ஆய்விலேயே மருந்துக் குழுவில் 23 சதவீதம் பேர் பாதியில் விட்டார்கள். நான் மருந்துக்கு எதிரி அல்ல. தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன், பலன் உண்டு. ஆனால் "பாதை நிரூபணமாகிவிட்டது" என்பது பரிசோதனைக்கூடத்தின் சந்தோஷம். என் நோயாளிக்குத் தேவை, அடுத்த பத்து வருடத்தில் டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட வேண்டி வருமா என்பதற்குப் பதில்.

#16 பிப்பெட்

நேர்கோடு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் லான்ரியோடைடை எவரோலிமஸோடு ஒரே கூடையில் போடாதீர்கள். அந்த ஊசி ஈரல் கட்டிகளைச் சுருக்கியது. டொல்வாப்டானால் அது முடியாது, அங்கே வி2 இல்லையே. எந்த உறுப்பில் எந்த ஏற்பி என்று பார்த்தே எது எங்கே பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. பாதையைப் படிப்பதால் கிடைக்கும் லாபம் இது.

#17 நாலாம் ஷிப்ட்

டயாலிசிஸ் டெக்னீஷியன், மதுரை. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடற மருந்து எங்க மெஷினுக்கு வர்ற ஆளுங்களுக்குத் தெரியவே தெரியாது. கட்டி நோய்க்காரங்க பாதிப் பேர் எங்ககிட்ட வர்றப்பதான் பேரையே கேள்விப்படறாங்க. அதுவரைக்கும் இடுப்பு வலி, மூத்திரத்துல ரத்தம், "கல்லு"ன்னு ஓட்டியிருப்பாங்க. அண்ணன் தம்பியை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கன்னு சொன்னா தயங்குவாங்க. பொண்ணு பார்க்கிற வீட்டுல தெரிஞ்சிடுமேங்கற பயம். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம். எந்தப் பாதையை அடைக்கிறதுன்னாலும் கிட்னி கொஞ்சம் மிச்சம் இருக்கறப்பதானே அடைக்க முடியும்?

நொய்யல்கரை, உங்க அக்காவுக்குப் பிள்ளைங்க இருந்தா இப்பவே பி.பி. பார்க்கச் சொல்லுங்க. சின்ன வயசுல பி.பி. ஏறுறதுதான் பல பேருக்கு முதல் அறிகுறி.

#18 இரவுப்பணி நெஃப்ரோ

மேலே உள்ளதை முழுக்க வழிமொழிகிறேன். பி.பி. என்றால் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் ஒரு சமிக்ஞைப் பாதைதான்: கட்டிகள் ரத்தக்குழாயை நசுக்க, பி.பி.யை ஏற்றும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் ஹார்மோன் பாதை முடுக்கிக்கொள்கிறது. 2014-ல் வந்த ஆய்வில் இளம் நோயாளிகளுக்கு பி.பி.யை 110/75-க்குக் கீழே வைத்ததில் வீக்கம் வளரும் வேகம் 14 சதவீதம் குறைந்தது. வடிகட்டும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை, இதயத்துக்கு நல்லது நடந்தது. அதே பாதையை இரண்டு மாத்திரையால் இரண்டு இடத்தில் அடைத்தும் பார்த்தார்கள். கூடுதல் பலன் எதுவும் இல்லை.

#19 நொய்யல்கரை

இப்ப எனக்கு ஓரளவு பிடிபடுது. அக்காவைக் கூட்டிக்கிட்டு அடுத்த தடவை போறப்ப டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்? டொல்வாப்டான் வேணும்னு நேரடியா கேட்கலாமா? புதுசா ஏதோ மைக்ரோ ஆர்.என்.ஏ. ஊசி வருதுன்னும் பார்த்தேன்.

#20 பிப்பெட்

அந்த ஊசி மிர்-17 என்ற குட்டி ஆர்.என்.ஏ.வை அடைப்பது. மிர்-17 பாலிசிஸ்டின் உற்பத்தியைக் குறைக்கிறது. அதை அடைத்தால் மிச்சமிருக்கும் நல்ல மரபணுவிலிருந்து புரதம் கூடுதலாக வரும் என்பது எண்ணம். எனக்கு ஆசையைத் தூண்டும் பாதை, ஆனால் கடைக்கு வந்த மருந்து இல்லை. வெங்லுஸ்டாட் என்ற மருந்து 2021-லும், பார்டாக்ஸலோன் என்ற மருந்து 2023-லும் இந்த நோய்க்கான சோதனையிலிருந்து வெளியேறியதையும் பார்த்துவிட்டேன்.

#21 இரவுப்பணி நெஃப்ரோ

மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட "அக்கா எந்த வகுப்பு?" என்று கேளுங்கள். மேயோ வகைப்பாடு என்று ஒன்று உண்டு. இரண்டு கிட்னியின் மொத்தக் கொள்ளளவை உயரத்தால் வகுத்து, வயதோடு சேர்த்துப் பார்த்து 1ஏ முதல் 1இ வரை பிரிப்பார்கள். 1சி, 1டி, 1இ என்றால் வேகமாக வளர்கிற ரகம். டொல்வாப்டானைப் பற்றிப் பேச அர்த்தம் உண்டு. 1ஏ என்றால் ஆறு லிட்டர் அவஸ்தைக்குப் பலன் கிடைக்காது.

கொள்ளளவு கணக்கிட எம்.ஆர்.ஐ. போதும், கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. ஸ்கேன் சென்டரில் "கிட்னி பெரிதாக உள்ளது" என்று மட்டும் எழுதித் தருவார்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் ஒவ்வொரு கிட்னிக்கும் தனித்தனியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள். பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். ஈரல் டெஸ்ட் முடிவும், அக்கா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் பட்டியலும் வேண்டும். கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் மாதிரி சில மருந்துகள் டொல்வாப்டானை ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் அப்படித்தான். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறைக்குப் போக விடுவார்களா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது நான் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.